முளையிலே தெரியாத பயிர்: குவாமி பிரவுனும் வாஷிங்டன் விசார்ட்ஸும்

'விளையும் பயிர் முளையிலே தெரியும்' என்பது பழமொழி. அமெரிக்கக் கூடைப்பந்து அணிகள் ஆண்டுதோறும் இதை நம்பித்தான் பத்தொன்பது இருபது வயதுப் பையன்கள் மேல் கோடிக்கணக்கான டாலர்களைப் போடுகின்றன. சில நேரம் பழமொழி பலிக்கிறது. பலிக்காதபோது பழி யார் தலையில் விழுகிறது? பயிரின் தலையிலா, பயிரிட்டவர் தலையிலா? இதற்கு 2001-ஆம் ஆண்டு வாஷிங்டனில் நடந்த கதையை விடச் சிறந்த எடுத்துக்காட்டு இல்லை.

முதலில் ஒரு சிறு விளக்கம். என்.பி.ஏ. எனப்படும் அமெரிக்கத் தொழில்முறை லீக்கில் புதுமுக வீரர்களுக்கு ஏலம் கிடையாது. 'டிராஃப்ட்' என்ற முறைதான் உண்டு. அணிகள் வரிசையாக வந்து, ஒருமுறைக்கு ஒரு வீரர் வீதம் தேர்ந்தெடுக்கும். முந்தைய பருவத்தில் மோசமாக ஆடிய அணிகளுக்கே வரிசையில் முன்னுரிமை. முதல் இடத்துக்காக யாரும் வேண்டுமென்றே தோற்கக் கூடாது என்று 1985 முதல் குலுக்கல் முறையும் சேர்ந்துகொண்டது. தோற்றுத் துவண்ட அணிக்கு இந்த வாய்ப்புதான் பெரிய மூலதனம். அதை எப்படிச் செலவழிக்கிறது என்பதை வைத்தே நிர்வாகத்தின் திறமையை அளக்கிறார்கள்.

இனி கதைக்கு வருவோம். 2000-01 பருவத்தில் வாஷிங்டன் விசார்ட்ஸ் அணி ஆடிய 82 ஆட்டங்களில் வென்றது 19, தோற்றது 63. அணியின் கூடைப்பந்துப் பிரிவுத் தலைவர் யார் தெரியுமா? மைக்கேல் ஜோர்டான்! 2000 ஜனவரியில் அணியின் பங்குதாரராகவும் நிர்வாகியாகவும் பொறுப்பேற்றவர். சிகாகோ அணிக்கு ஆறு முறை கோப்பை வென்று கொடுத்த அவருக்கு நல்ல வீரரை அடையாளம் காண்பது கடினமா என்ன என்றுதான் ரசிகர்கள் நினைத்தார்கள்.

ஜோர்டானே ஒரு காலத்தில் தவறாக எடைபோடப்பட்டவர் என்பது இதில் இன்னொரு சுவை. 1984 டிராஃப்ட்டில் முதல் இடத்தில் ஹூஸ்டன் அணி ஹகீம் ஒலாஜுவானை எடுத்தது. இரண்டாவதாக வந்த போர்ட்லாந்து, ஜோர்டானை விட்டுவிட்டு சாம் போவி என்ற உயரமான சென்டர் வீரரை எடுத்தது. கல்லூரியிலேயே கால் காயத்தால் இரண்டு பருவங்களை இழந்தவர் போவி. போர்ட்லாந்திடம் கிளைட் டிரெக்ஸ்லர் ஏற்கெனவே இருந்ததால், அதே இடத்தில் ஆடும் ஜோர்டான் தேவைப்படவில்லை. அணிக்கு உயரம் வேண்டும் என்பதே அவர்கள் கணக்கு. மூன்றாவதாக வந்த சிகாகோவுக்கு அதிர்ஷ்டம் அடித்தது.

பதினேழு ஆண்டுகளுக்குப் பிறகு தராசு ஜோர்டானின் கைக்கு வந்தது. குலுக்கலில் வாஷிங்டனுக்கு முதல் இடம். 2001 ஜூன் 27 அன்று ஜோர்டான் தேர்ந்தெடுத்தது குவாமி பிரவுன் என்ற பத்தொன்பது வயதுப் பையனை. ஜார்ஜியா மாநிலத்தின் பிரன்ஸ்விக் நகரம். தாய் தனியாக வளர்த்த எட்டுப் பிள்ளைகளில் ஒருவர். உயரம் 6 அடி 11 அங்குலம். கல்லூரி வாசலையே மிதிக்காமல் பள்ளியிலிருந்து நேராக வந்து டிராஃப்ட்டில் முதல் இடம் பிடித்த முதல் வீரர் இவர்தான்.

அப்போது அது பைத்தியக்காரத்தனமாகத் தெரியவில்லை. 1995-இல் கெவின் கார்னெட், 1996-இல் கோபி பிரயண்ட், 1997-இல் டிரேசி மெக்ரேடி என்று பள்ளியிலிருந்து வந்தவர்கள் ஜொலித்துக்கொண்டிருந்தார்கள். அடுத்த நட்சத்திரத்தைத் தவறவிட்டுவிடுவோமோ என்ற பயம் எல்லா அணிகளுக்கும் இருந்தது. 2001-இன் முதல் எட்டு இடங்களில் நான்கு பேர் பள்ளி மாணவர்கள்!

உண்மையான தவறு இதற்குப் பிறகுதான் நடந்தது. அதே ஆண்டு செப்டம்பரில் ஜோர்டான் தன் பங்குகளை விட்டுக்கொடுத்து, நிர்வாகப் பதவியிலிருந்தும் விலகி, 38 வயதில் மீண்டும் வீரராகக் களமிறங்கினார். அரங்கம் நிரம்பியது, டிக்கெட் பறந்தது. ஆனால் அணிக்கு இப்போது இரண்டு கடிகாரங்கள் ஆகிவிட்டன. 38 வயதுக்காரருக்கு இன்றே வெற்றி வேண்டும். 19 வயதுப் பையனுக்கோ நான்கைந்து ஆண்டுகள் வேண்டும். பயிற்சியாளர் டக் காலின்ஸ் எந்தக் கடிகாரத்தைப் பார்ப்பார்?

பையன்தான் நசுங்கினான். முதல் பருவத்தில் குவாமி ஆடியது 57 ஆட்டங்கள், சராசரி 4.5 புள்ளிகள். பந்தைப் பிடிப்பதில் தடுமாறினார், தன்னம்பிக்கை போனது. 'தேறாதவர்' என்ற முத்திரை அப்போதே விழுந்துவிட்டது.

இங்கே சில எண்களை ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். முதல் பருவத்தில் கோபி பிரயண்டின் சராசரி 7.6 புள்ளிகள். மெக்ரேடிக்கு 7.0. 1996-இல் பள்ளியிலிருந்து போர்ட்லாந்துக்கு வந்த ஜெர்மெய்ன் ஓ'நீலுக்கு வெறும் 4.1, அதாவது குவாமியை விடவும் குறைவு! ஓ'நீல் நான்கு ஆண்டுகள் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். 2000-இல் இந்தியானா அணிக்கு மாறிய பிறகு ஆறு முறை ஆல்-ஸ்டார் ஆனார். 2001-இல் இரண்டாம் இடத்தில் எடுக்கப்பட்ட டைசன் சாண்ட்லரைச் சிகாகோ ஐந்தே ஆண்டுகளில் கைவிட்டது. அவர் 2011-இல் டல்லாஸ் அணியோடு கோப்பை வென்றார், 2012-இல் சிறந்த தற்காப்பு வீரர் விருதும் பெற்றார். ஒரு வருடக் கணக்கைப் பார்த்துப் பேரேட்டை மூடியிருந்தால் இவர்களும் 'நட்டம்' என்றுதான் எழுதப்பட்டிருப்பார்கள்.

வாஷிங்டனின் அவசரம் குவாமியோடு நிற்கவில்லை. 2002-இல், தானே டிராஃப்ட்டில் எடுத்து வளர்த்த 24 வயது ரிச்சர்ட் ஹாமில்டனை டெட்ராய்ட்டுக்குக் கொடுத்துவிட்டு, அனுபவசாலியான ஜெர்ரி ஸ்டாக்ஹவுஸை வாங்கினார்கள். ஹாமில்டன் 2004-இல் டெட்ராய்ட்டோடு கோப்பையைத் தூக்கினார். ஜோர்டான் ஆடிய இரண்டு பருவங்களிலும் வாஷிங்டனின் கணக்கு 37 வெற்றி, 45 தோல்வி. பிளேஆஃப் கூட எட்டவில்லை. 2003 மே மாதம் உரிமையாளர் ஏப் போலின் ஜோர்டானுக்கு விடைகொடுத்துவிட்டார்.

குவாமி மேல் குற்றமே இல்லை என்று சொல்ல முடியாது. 2003-04 பருவத்தில் 10.9 புள்ளிகள், 7.4 ரீபவுண்டுகள் என்று முன்னேறியவர், 2005 பிளேஆஃப் நடுவில் பயிற்சிக்கு வராமல் போனார். அணி அவரை ஒதுக்கிவைத்தது. அந்தக் கோடையிலேயே லாஸ் ஏஞ்சல்ஸ் லேக்கர்ஸுக்கு அனுப்பி, கேரன் பட்லரைப் பெற்றது. பட்லர் வாஷிங்டனில் இரண்டு முறை ஆல்-ஸ்டார் ஆனார்.

கதையின் உச்சம் 2008-இல் வந்தது. 2001 டிராஃப்ட்டில் மூன்றாம் இடத்தில் எடுக்கப்பட்ட பாவ் கசோலை லேக்கர்ஸ் மெம்பிஸ் அணியிடமிருந்து வாங்கியது. பதிலுக்குப் போனவர்களில் குவாமியும் ஒருவர். கசோல் 2009, 2010 என இரண்டு கோப்பைகள் வென்றார். மெம்பிஸ் ஏமாந்துவிட்டது என்று எல்லாரும் சிரித்தார்கள். ஆனால் அதே பேரத்தில் மெம்பிஸுக்கு இன்னொரு பெயரின் உரிமையும் வந்திருந்தது. 2007 டிராஃப்ட்டில் 48-ஆம் இடத்தில் எடுக்கப்பட்ட, பாவின் தம்பி மார்க் கசோல்! அவர் 2013-இல் சிறந்த தற்காப்பு வீரர் விருது பெற்றபோது சிரித்தவர்கள் அடங்கினார்கள். அவசரத் தீர்ப்பு நிர்வாகங்களையும் விட்டுவைப்பதில்லை.

2001-இல் ஜோர்டான் மட்டும் தவறவில்லை. பின்னாளில் நான்கு கோப்பைகள் வென்ற டோனி பார்க்கர் 28-ஆம் இடம் வரை காத்திருந்தார். அத்தனை அணிகளும் அவரைத் தாண்டிச் சென்றவைதான். 2006 முதல் பள்ளியிலிருந்து நேராக வரும் வழியையே லீக் மூடிவிட்டது.

குவாமி பன்னிரண்டு பருவங்கள், ஏழு அணிகளுக்கு ஆடினார். ஒரு சாதாரண வீரருக்கு அது கெட்ட வாழ்க்கை அல்ல. முதல் இடம் என்ற விலைச்சீட்டை அவர் தானாக ஒட்டிக்கொள்ளவில்லை, மற்றவர்கள் ஒட்டினார்கள். நீண்டகால முதலீட்டை வாங்கிவிட்டு அன்றாடக் கல்லாவைப் பார்த்துக் கோபப்பட்டது நிர்வாகம். அந்த நட்டத்தை ஒரு பத்தொன்பது வயதுப் பையன் பெயரில் எழுதியதுதான் இந்தக் கணக்கில் நடந்த பெரிய பிழை.