எவ்வுளும் அணுக்கருவும்

திருமழிசையாழ்வாரும் திருமங்கையாழ்வாரும் பாடிய திருவள்ளூர் வீரராகவப் பெருமாள் தலத்தின் வரலாற்றை நம்மவருக்குச் சொல்ல வேண்டியதில்லை. முதியவராய் வந்த பெருமாள் சாலிஹோத்ர முனிவரிடம் கேட்ட ஒரு சொல்லே ஊர்ப்பெயராயிற்று: எவ்வுள்? படுக்க எந்த அறை? அணுக்கருவைக் கணக்கிடுவோரின் முதல் கேள்வியும் அதுதான்.

கணக்கின் உள்

அணுக்கருத் துகள்களின் அலைச்சார்பை நேராக எழுத இயலாது. தெரிந்த எளிய சார்புகளை உரிய அளவில் கூட்டியே எழுதுகிறோம். அந்தச் சார்புகளின் தொகுதியே அடிப்படைத் தொகுதி. முடிவில்லாமல் கூட்டினால் முழுமையான எந்தத் தொகுதியும் ஒரே விடையைத் தரும். கணினியோ எங்காவது நிறுத்தியாக வேண்டும். அங்கேதான் எவ்வுள், அதாவது எந்தத் தொகுதி, என்னும் தேர்வின் அருமை தெரியும்.

1949இல் மரியா கெப்பர்ட் மேயரும் யென்சன் குழுவினரும் தனித்தனியே கண்ட கூடு மாதிரி அணுக்கரு மிக உறுதியாயிருக்கும் புரோட்டான் அல்லது நியூட்ரான் எண்ணிக்கைகளான 2, 8, 20, 28, 50, 82, 126 என்னும் மாய எண்களை விளக்கியது. அன்று முதல் சீரிசை அலையியற்றியின் சார்புகளே இத்துறையின் வழக்கமான தொகுதி. இரு துகள்களின் பொது நகர்வையும் ஒன்றையொன்று சார்ந்த நகர்வையும் அதில் துல்லியமாகப் பிரிக்கலாம். அதற்கான கெழுக்களை 1959இல் மோஷின்ஸ்கி தந்தார்.

இத்தொகுதியில் கணக்கு எவ்வளவு பெருகும் என்பதற்கு நம் கும்மிடிப்பூண்டி உலைகளில் உருகும் இரும்பையே பார்ப்போம். இரும்பு-56இல் கால்சியம்-40ஐ அசையாத உள்ளகமாக வைத்தால் மிஞ்சுவன 6 புரோட்டான்கள், 10 நியூட்ரான்கள். அடுத்த கூட்டில் ஒவ்வொரு வகைக்கும் 20 இருக்கைகள். அமரும் வழிகள் முறையே 38,760, 1,84,756. பெருக்கினால் சுமார் 716 கோடி! கோண உந்தத்தின் ஒரு கூறைச் சுழியமென்று நிறுத்தினாலும் ஏறத்தாழ 50 கோடி நிலைகள் எஞ்சும். இத்தனையும் ஒரே ஒரு கூட்டுக்குள்.

கிடந்த கோலம்

1985இல் தனிஹாட்டா குழுவினர் அளந்த லித்தியம்-11 எதிர்பார்த்ததைவிடப் பெரிதாயிருந்தது. அதன் கடைசி இரு நியூட்ரான்கள் வெகுதூரம் நீண்டு பரவியிருக்கின்றன. சீரிசைச் சார்போ ஓரத்தில் மிக விரைவாய்த் தேய்ந்துவிடும். அந்த நீட்சியை எட்ட அவற்றை ஏராளமாய் அடுக்க வேண்டும். மெல்லத் தேயும் லாகெர் வகைச் சார்புகள் குறைந்த எண்ணிக்கையிலேயே எட்டுகின்றன. சயனித்த பெருமாளுக்கு நீண்ட உள் வேண்டுமன்றோ!

நம் மரபு

அல்லாடி ராமகிருஷ்ணன் 1962இல் சென்னையில் கணித அறிவியல் நிறுவனத்தைத் தோற்றுவித்தார். சென்னைப் பல்கலைக்கழக அணுக்கரு இயற்பியல் துறையில் பேராசிரியராயிருந்த வி. தேவநாதன் கோண உந்தக் கணிப்பு முறைகளுக்கு ஒரு நூலே எழுதினார். நமக்கு எத்தனை பெருமை!

கும்மிடிப்பூண்டி வண்டியில் ஷிப்டுக்குச் செல்லும் தம்பி தங்கைகளே, நீங்கள் உருக்கும் இரும்புக்குள் இன்னும் கணக்கு மிச்சமிருக்கிறது. கணினியின் வேகத்தை மட்டும் நம்பாதீர்கள். பொருளின் வடிவை அறிந்து அதற்கேற்ற உள்ளைத் தேருங்கள். எவ்வுள் பெருமான் துணை நிற்பான்.