செல்லப் பல்லிக்கு 'வெயில் காயும் இடம்' அமைப்பது எப்படி? லைட் போட்டால் மட்டும் போதுமா?

காலையில் மதில் சுவரில் அசையாமல் வெயில் காயும் ஓணானைப் பலரும் பார்த்திருப்பார்கள். அது சோம்பல் இல்லை. உடம்பு சூடேறினால்தான் அதனால் ஓட முடியும், இரை பிடிக்க முடியும், தின்றது செரிக்கும்.

அதே ஓணான் குடும்பத்தைச் சேர்ந்ததுதான் ஆஸ்திரேலியாவின் வறண்ட நிலங்களில் வாழும் பியர்டட் டிராகன். பல நாடுகளில் செல்லப் பிராணியாக வளர்க்கப்படுகிறது. பெட்டிக்குள் வளர்க்கும்போது அந்த வெயிலை வளர்ப்பவர்தான் தர வேண்டும். அதில் கோட்டை விட்டால் எலும்பே வளைந்துவிடும்.

பெட்டி முழுக்க சூடு வேண்டுமா?

வேண்டாம். இதில்தான் பலர் தவறு செய்கிறார்கள். ஒரு முனை சூடாகவும், மறுமுனை குளுமையாகவும் இருக்க வேண்டும். எங்கே, எவ்வளவு நேரம் இருப்பது என்பதைப் பல்லியே முடிவு செய்துகொள்ளும். அதற்கு இடம் வேண்டும் என்பதால், வளர்ந்த பியர்டட் டிராகனுக்குக் குறைந்தது 4 அடி நீளம், 2 அடி அகலம் கொண்ட பெட்டி தேவை.

எவ்வளவு சூடு?

* வெயில் காயும் இடம்: 38 முதல் 42 டிகிரி செல்சியஸ்
* குளுமையான முனை: 24 முதல் 28 டிகிரி

முதல் அளவு காற்றின் சூடு அல்ல, பல்லி படுக்கும் கல்லின் சூடு. கண்ணாடியில் ஒட்டும் தெர்மாமீட்டர் இதைக் காட்டாது. இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரைக் கல்லை நோக்கிப் பிடித்து அளக்க வேண்டும். 'இத்தனை வாட்ஸ் பல்பு' என்று பொதுக்கணக்கு கிடையாது. பல்பின் உயரத்தை மாற்றியோ, டிம்மர் வைத்தோ சூட்டைச் சரிசெய்யலாம்.

எதன் மேல் படுக்க வைப்பது?

தட்டையான கல், ஓடு அல்லது தடித்த மரக்கட்டை போதும். முழு உடம்பும் அதில் அடங்க வேண்டும். கனமான கல்லை மணல் மேல் வைக்கக் கூடாது. பல்லி அடியில் தோண்டினால் கல் சரிந்து நசுக்கிவிடும்.

சூடு மேலிருந்து வருவதே நல்லது. கரண்டில் சூடாகும் 'ஹாட் ராக்' கல் வேண்டாம். அதில் படுத்த பல்லிகளுக்கு வயிறு வெந்துபோவது உண்டு.

புற ஊதா விளக்கு ஏன்?

சூட்டைத் தரும் ஹாலோஜன் பல்பில் யுவிபி கதிர் போதுமான அளவு கிடைக்காது. யுவிபி இல்லாவிட்டால் உடம்பில் வைட்டமின் டி3 உருவாகாது, சாப்பிடும் கால்சியமும் சேராது. தாடை மென்மையாகும், கால் வளையும், நடுக்கம் வரும்.

எனவே யுவிபி டியூப் தனியாகத் தேவை. அதன் வெளிச்சமும் ஹாலோஜன் சூடும் ஒரே இடத்தில், மேலிருந்து விழ வேண்டும். பக்கவாட்டில் வைத்தால் கண்ணைப் பாதிக்கும். டியூப் எரிந்துகொண்டே இருந்தாலும் யுவிபி குறைந்துகொண்டே போகும். தயாரிப்பாளர் சொல்லும் காலத்தில் மாற்றிவிட வேண்டும்.

ஜன்னல் ஓரம் வைத்தால் போதாதா?

போதாது. ஜன்னல் கண்ணாடி யுவிபி கதிரைத் தடுத்துவிடும். நேரடி வெயிலில் வைத்த கண்ணாடிப் பெட்டி சில நிமிடங்களில் அடுப்பாக மாறி உயிரையே பறிக்கலாம்.

கோடையில் அறையே 35 டிகிரியைத் தாண்டினால், சூடு பல்பை அணைத்துவிட்டு யுவிபியை மட்டும் எரியவிடலாம். அப்போது முதல் கவலை குளுமையான முனைதான். இரவில் எல்லா விளக்கையும் அணைக்க வேண்டும். சிவப்பு பல்பும் வேண்டாம்.

சரியாக இருக்கிறதா என எப்படித் தெரியும்?

கல்லில் படுத்துக் கொஞ்ச நேரம் வாயைத் திறந்து வைத்திருந்தால் பயப்பட வேண்டாம். அதிகச் சூட்டை வெளியேற்றுகிறது. அந்தப் பக்கமே போகாமல் குளுமையான முனையில் பதுங்கினால் சூடு அதிகம். நாள் முழுக்கக் கல்லை விட்டு இறங்காமல், சாப்பிடாமலும் இருந்தால் சூடு போதவில்லை. இரண்டிலும் முதலில் கல்லின் சூட்டை அளந்து பாருங்கள். அளவு சரியாக இருந்தும் சோர்வு தொடர்ந்தால் கால்நடை மருத்துவரிடம் காட்டுவது அவசியம்.