வருகைப் பதிவேட்டிலிருந்து வழக்கு ஏடு வரை: வில்லியனூர், பாகூர்ச் சேரிப் பிள்ளைகளின் பள்ளியும் காவலும்

(நினைவுச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



அய்யாவின் நினைவு நாளில் ஆண்டுதோறும் கூடுகிறோம். பள்ளிக்கு வராமல் நின்றுபோன பிள்ளையைத் தேடி அவன் வீட்டு வாசலுக்கே போய் நிற்கும் ஆசிரியராக அவர் இருந்தார் என்பது இங்கே பலருக்கும் தெரியும். அதனால் இந்த ஆண்டு நின்றுபோன பிள்ளைகளைப் பற்றிப் பேசுகிறோம். நின்றுபோனார்கள் என்று சொல்வது வழக்கமாகிவிட்டது. அவர்களில் பலர் நிறுத்தப்பட்டவர்கள்.

எப்படி நிறுத்துவார்கள் என்பதை இந்த அரங்கில் உள்ள பெற்றோரிடம் கேட்டாலே போதும். ஒன்பதாம் வகுப்பில் ஒரு சண்டை, அல்லது தலைமுடி, அல்லது நாலு நாள் விடுப்பு. அப்பாவைக் கூட்டி வா என்பார்கள். அப்பா கூலி வேலையை விட்டுவிட்டு வந்து கைகட்டி நிற்பார். ‘நீங்களே டி.சி. வாங்கிக்கிட்டுப் போயிடுங்க, நாங்களா கொடுத்தா நடத்தை சரியில்லைன்னு எழுத வேண்டிவரும்’ என்பார்கள். அப்பா ஒரு தாளில் கையெழுத்துப் போடுவார். அந்தத் தாளில் ‘பெற்றோர் விருப்பத்தின் பேரில்’ என்று இருக்கும். பள்ளியின் கணக்கில் அன்று யாரும் தண்டிக்கப்படவில்லை.

இந்த ஒரு தாளுக்குப் பின்னால் நீண்ட வரலாறு இருக்கிறது. அதை நம் மண்ணிலிருந்தே தொடங்குவோம்.

செப்பேடும் சுவரும்

பாகூர் ஏரிக்கரையில் பிறந்த பிள்ளைகளுக்குப் பாகூர்ச் செப்பேட்டைப் பற்றிப் பள்ளியில் பெருமையாகச் சொல்லிக் கொடுப்பார்கள். 9ஆம் நூற்றாண்டு, பல்லவன் நிருபதுங்கவர்மன் காலம். பாகூரில் இருந்த வித்யாஸ்தானத்துக்கு, அதாவது வேதமும் அதன் அங்கங்களும் கற்பித்த கல்விச்சாலைக்கு, 3 ஊர்களைக் கொடையாக விட்ட செய்தி அதில் இருக்கிறது. இன்று அந்தச் செப்பேடு பாரிசில் உள்ளது. ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன்பே நம் ஊரில் கல்லூரி இருந்தது என்பது உண்மைதான். அது பிராமணர்களுக்கான கல்லூரி என்பதும் உண்மை. 3 ஊர் நிலத்தின் விளைச்சல் அந்தக் கல்விக்குப் போனது. நிலத்தில் இறங்கி உழைத்தவர்களின் பிள்ளைகளுக்கு அங்கே இடமில்லை. பாகூரின் கல்வி வரலாற்றை இந்த இரண்டு உண்மைகளையும் சேர்த்தே நாம் படிக்க வேண்டும்.

பிரெஞ்சுக்காரர் வந்த பிறகு கோடு மாறவில்லை, மொழி மாறியது. 1745இல் புதுச்சேரி மாதா கோயிலுக்குள் பறையர் கிறிஸ்தவர்களைப் பிரித்து உட்காரவைத்த சுவரை எதிர்த்து நம் முன்னோர் பாதிரியாரிடம் போய் நியாயம் கேட்டார்கள், சுவர் இடிக்கப்பட்டது. ஆனந்தரங்கப் பிள்ளை தம் நாட்குறிப்பில் இதை எழுதி வைத்திருக்கிறார். எதிர்த்துக் கேட்பது நமக்கு நேற்று வந்த பழக்கமல்ல என்பதற்கு அதுவே சாட்சி. ஆனால் 1820களின் கடைசியில் ஆளுநர் தெபாசென் தெ ரிஷ்மோன் காலத்தில் அரசுப் பள்ளிகள் திறக்கப்பட்டபோது, வெள்ளையர் பிள்ளைகளுக்கு ஒன்று, சாதி இந்துப் பிள்ளைகளுக்கு ஒன்று, பறையர் பிள்ளைகளுக்குத் தனியே ஒன்று என்றுதான் திறந்தார்கள். கோயிலில் இடித்த சுவரைப் பள்ளியில் எழுப்பினார்கள்.

1873இல் வழக்கறிஞர் பொன்னுத்தம்பிப் பிள்ளை காலணி அணிந்து நீதிமன்றத்துக்குள் வந்ததற்காகத் தடுக்கப்பட்டார். அவர் பாரிசிலுள்ள உச்ச நீதிமன்றம் வரை போய் வென்றார். அவர் நம் சமூகத்தவர் அல்லர். ஆனால் அந்த வழக்குக்குப் பின் வந்த 1881 செப்டம்பர் 21ஆம் தேதி ஆணை, சாதி வழக்காறுகளைத் துறந்து பிரெஞ்சுச் சட்டத்தின் கீழ் வரலாம் என்றபோது, அந்தக் கதவுக்குள் நுழைந்தவர்களில் தலித்துகள் பலர். இந்த வழக்கில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. காலில் செருப்பா, தலையில் என்ன முடி, கையில் என்ன கயிறு, எதிரில் நிற்கும்போது கை எங்கே இருக்க வேண்டும் என்பதையெல்லாம் ‘ஒழுங்கு’ என்று பெயரிட்டு அளப்பது பழைய வழக்கம். வழக்கறிஞருக்குப் பாரிஸ் வரை போக வழி இருந்தது. பதின்மூன்று வயதுப் பிள்ளைக்குத் தலைமையாசிரியர் அறை வரைதான் வழி.

‘தெரிந்து செய்தானா?’

பிரெஞ்சிந்தியாவில் நடப்பில் இருந்த 1810ஆம் ஆண்டு தண்டனைச் சட்டத்தில் 66ஆம் பிரிவு ஒன்று உண்டு. 16 வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளை குற்றம் செய்தால், தெரிந்து செய்தானா, தெரியாமல் செய்தானா என்று நீதிபதி முடிவு செய்ய வேண்டும். தெரியாமல் செய்தான் என்றால் விடுதலை. ஆனால் விடுதலையான பிள்ளையைப் பெற்றோரிடம் ஒப்படைக்கலாம், இல்லையென்றால் 20 வயதைத் தாண்டாத காலம்வரை சீர்திருத்த விடுதியில் அடைக்கலாம். எந்த வீட்டுக்கு அனுப்பலாம், எந்த வீட்டை நம்ப முடியாது என்று தீர்மானிக்கும் அதிகாரம் நீதிபதியிடம் இருந்தது. ஓட்டு வீட்டையும் குடிசையையும் ஒரே கண்ணால் பார்க்கும் நீதிபதி வாய்த்தால் பிள்ளை பிழைத்தான்.

எல்லைக்கு அந்தப் பக்கம், பிரிட்டிஷ் தென்னாற்காட்டில் இதைவிடக் கொடியது நடந்தது. பாகூரும் வில்லியனூரும் அந்த மாவட்டத்தோடு வரப்புக்கு வரப்பு பின்னிக் கிடப்பவை. பெண் கொடுத்து எடுப்பதும் கூலிக்குப் போவதும் எல்லை பார்த்து நடப்பதில்லை. 1871ஆம் ஆண்டு குற்றப் பழங்குடிச் சட்டம் 1911இல் சென்னை மாகாணத்துக்கு வந்தது. கள்ளர், குறவர் என்று நீண்ட அந்தப் பட்டியலில் தென்னாற்காட்டின் வேப்பூர்ப் பறையரும் இருந்தார்கள். அவர்களைக் குடும்பத்தோடு அசீஸ் நகர் குடியிருப்பில் வைத்தார்கள். அந்தச் சட்டத்தின் 1924ஆம் ஆண்டு வடிவத்தில் 17ஆம் பிரிவைப் படித்துப் பாருங்கள். பட்டியலில் உள்ள சமூகத்தின் பிள்ளைகளை, 6 வயதுக்கு மேல் 18 வயதுக்குள் இருந்தால், தாய் தகப்பனிடமிருந்து பிரித்துத் தொழிற்பள்ளியிலோ சீர்திருத்தப் பள்ளியிலோ வைக்கலாம். பிள்ளை எதையும் செய்திருக்க வேண்டியதில்லை. பிறந்திருந்தால் போதும்.

பள்ளியிலிருந்து சிறைக்கு வழி போகிறது என்று இன்று பேசுகிறோம். நம் வட்டாரத்தில் ஒரு காலத்தில் பள்ளியே சிறையாக இருந்தது. அந்தச் சட்டம் சென்னை மாகாணத்தில் 1947இலும் நாடு முழுவதும் 1952இலும் நீங்கியது. சந்தேகம் நீங்கவில்லை. 1993இல் கடலூர் மாவட்டம் கம்மாபுரம் காவல் நிலையத்தில் திருட்டுக் குற்றம் சுமத்தி அடித்துக் கொல்லப்பட்ட ராசாக்கண்ணு குறவர் சமூகத்தவர். எங்காவது நகை காணாமல் போனால் இருளர் குடியிருப்புக்கு ஜீப் போவது இன்றும் நாம் அறிந்த செய்தி. புதுச்சேரியில் இருளர்களுக்குப் பழங்குடிப் பட்டியலில் இடம் கிடைத்ததே 2016 டிசம்பரில்தான்.

பதினாலுக்கும் பதினெட்டுக்கும் நடுவில்

1954 அக்டோபர் 18இல் நம் வில்லியனூர் கொம்யூனின் கீழூரில் 178 பேர் கூடி வாக்களித்தார்கள். 170 பேர் இந்தியாவோடு இணைய வேண்டும் என்றார்கள். அந்த இணைப்பால் அரசமைப்புச் சட்டம் நமக்கு வந்தது. பின்னர் நல்ல சட்டங்கள் பலவும் வந்தன. கல்வி உரிமைச் சட்டம் 2009இன் 17ஆம் பிரிவு பிள்ளையை அடிக்கக் கூடாது, மனத்தைப் புண்படுத்தக் கூடாது என்கிறது. 16ஆம் பிரிவு தொடக்கக் கல்வி முடியும்வரை பள்ளியை விட்டு வெளியேற்றக் கூடாது என்கிறது. சிறார் நீதிச் சட்டம் 2015, பிள்ளையைக் காவல் நிலையக் கொட்டடியில் வைக்கக் கூடாது, 24 மணி நேரத்துக்குள் இளைஞர் நீதிக் குழுமத்தின் முன் நிறுத்த வேண்டும், இல்லத்தில் அடைப்பது கடைசி வழியாகத்தான் இருக்க வேண்டும் என்கிறது.

இரண்டு சட்டங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வெளியேற்றத்துக்கு எதிரான காப்பு எட்டாம் வகுப்போடு முடிகிறது. ஒன்பதாம் வகுப்பில்தான், அடுத்த ஆண்டு நூறு சதவீதத் தேர்ச்சி காட்ட வேண்டும் என்ற கணக்கில், ‘தேறாத’ பிள்ளைகளைக் கழிக்கும் வேலை தொடங்குகிறது. 14 வயதில் காப்பு போகிறது. 18 வரை அவன் சட்டத்தின் கண்ணில் சிறுவன். இந்த நான்கு ஆண்டு இடைவெளியில்தான் நம் பிள்ளைகள் விழுகிறார்கள். டி.சி.யோடு வீட்டுக்கு வந்தவன் சென்ட்ரிங் வேலைக்கோ கம்பெனிக்கு ஒப்பந்தக் கூலியாகவோ போகிறான். எல்லையோரச் சாராயக் கடத்தலில் புட்டி சுமக்கும் கை பிடிபடுகிறது. அனுப்பிவைத்த கை பிடிபடுவதில்லை.

கொடுங்குற்றம் என்று வழக்கு வந்து, வயது 16க்கு மேல் இருந்தால், பின்விளைவு தெரிந்து செய்தானா என்று ஆராய்ந்து பெரியவர்போல் விசாரிக்கலாம் என்கிறது 2015ஆம் ஆண்டுச் சட்டத்தின் 15ஆம் பிரிவு. 1810ஆம் ஆண்டின் அதே கேள்வி இருநூறு ஆண்டுகள் கழித்துத் திரும்பி வந்திருக்கிறது. அன்று போலவே இன்றும், பேசத் தெரிந்த வக்கீல் பக்கத்தில் நிற்கிறாரா என்பதைப் பொறுத்தே பதில் அமைகிறது.

கூர்நோக்கு இல்லங்களின் நிலையும் நமக்குத் தெரியும். வெள்ளையர் காலத்துச் சீர்திருத்தப் பள்ளி இருந்த அதே செங்கல்பட்டில், 2022 டிசம்பர் கடைசியில், கூர்நோக்கு இல்லத்துக்குக் கொண்டுபோகப்பட்ட 17 வயதுச் சிறுவன் இறந்தான். அடித்துக் கொன்றதாக இல்லத்தின் ஊழியர்கள் கைதானார்கள்.

எழுதுகிறார்கள், கூட்டுவதில்லை

பள்ளியில் பிள்ளையைச் சேர்க்கும்போது சாதி எழுதுகிறார்கள். உதவித்தொகைக்கு எழுதுகிறார்கள். சிறார் வழக்கில் தயாராகும் சமூகப் புலனாய்வு அறிக்கையின் படிவத்திலும் சாதிக்கு ஒரு வரி இருக்கிறது. ஆனால் ஓராண்டில் எத்தனை பிள்ளைகளுக்கு டி.சி. கொடுத்தார்கள், அதில் எத்தனை பேர் அட்டவணைச் சாதியினர் என்று யாரும் கூட்டிச் சொல்வதில்லை. தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் பிடிபட்ட சிறுவர்களின் படிப்பையும் குடும்பச் சூழலையும் அட்டவணையில் வெளியிடுகிறது, சாதியை வெளியிடுவதில்லை. பெரியவர்களின் சிறைக் கணக்கில் மட்டும் அது வருகிறது. 2019இல் தண்டனைக் கைதிகளில் 21.7 சதவீதம் அட்டவணைச் சாதியினர், 13.6 சதவீதம் பழங்குடியினர். 2011 கணக்கெடுப்பில் மக்கள்தொகையில் அவர்கள் பங்கு முறையே 16.6, 8.6. இந்த ஏற்றம் பதினெட்டு வயதில் திடீரென்று முளைத்திருக்குமா?

அமெரிக்காவில் கறுப்பினத்தவரும் இதே வலியை அனுபவித்தவர்கள். 1946இல் அம்பேத்கர் டுபாய்சுக்குக் கடிதம் எழுதியதும், 1972இல் பம்பாயில் இளைஞர்கள் தலித் பேந்தர் என்று பெயர் வைத்ததும் அந்த உறவு தெரிந்துதான். அங்கே 1968 முதல் கல்வித்துறை பள்ளிகளில் நிறவாரியாகக் கணக்கு எடுக்கிறது. 2011–12 கணக்கில், வெள்ளைப் பிள்ளைகளைப்போல் மூன்று மடங்கு விகிதத்தில் கறுப்புப் பிள்ளைகள் இடைநீக்கம் செய்யப்பட்டது தெரிந்தது. மழலை வகுப்பிலேயே, சேர்க்கையில் 18 சதவீதமாக இருந்த கறுப்புக் குழந்தைகள், ஒருமுறைக்கு மேல் இடைநீக்கம் செய்யப்பட்டோரில் 48 சதவீதம். நாலு வயதுக் குழந்தை ரவுடியாக இருக்க முடியாது. ஆகவே கோளாறு குழந்தையிடம் இல்லை, தண்டிக்கும் கண்ணில் இருக்கிறது என்று அவர்களால் நிறுவ முடிந்தது. அதை வைத்து 2014இல் அரசு வழிகாட்டுதல் வந்தது. 2018இல் அடுத்த அரசு அதைத் திரும்பப் பெற்றது. எண்ணினால் மட்டும் நீதி வந்துவிடாது என்பதையும் சேர்த்தே கற்றுக்கொள்கிறோம். எண்ணாவிட்டால் வாதத்தைத் தொடங்கவே முடியாது.

சிறைப் பதிவேடுகளில் சாதிப் பத்தியை நீக்கச் சொல்லி 2024 அக்டோபர் 3இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்ததே, நீங்கள் எழுதச் சொல்கிறீர்களே என்று மாணவர்கள் கேட்கலாம். அந்தத் தீர்ப்பை நாம் வரவேற்றோம். யார் கழிவறை கழுவுவது, யார் சமைப்பது என்று பிரிக்கச் சாதியைப் பயன்படுத்தியதைத்தான் அது ஒழித்தது. வேலையைப் பங்கிடச் சாதி கேட்பது வேறு; பாகுபாட்டை வெளியே கொண்டுவரச் சாதிவாரிக் கணக்குக் கேட்பது வேறு. தனிப் பிள்ளையின் பெயர் வெளியே வர வேண்டாம். கூட்டுத்தொகை வெளியே வரட்டும்.

நமக்கும் ஓர் ஒழுங்கு

2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் 12ஆம் வகுப்புத் தலித் மாணவனையும் தடுக்க வந்த தங்கையையும் வீடு புகுந்து வெட்டியவர்கள் கூடப் படித்த பிள்ளைகள். அதன் பிறகு அமைந்த நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை தந்தது. பள்ளிப் பெயர்களில் சாதி கூடாது, சாதிக் கயிறு கூடாது என்றெல்லாம் பரிந்துரைத்தது. ராசாக்கண்ணுவின் மனைவிக்காக நீதிமன்றத்தில் நின்ற அதே சந்துருதான்.

அன்று நம்மில் சிலரே, வெட்டிய சிறுவர்களைப் பெரியவர்கள் சிறையில் தள்ள வேண்டும் என்று கொதித்தோம். கொதிப்பு நியாயம். ஆனாலும் யோசித்துப் பார்த்தோம். சிறுவன் திருந்துவான் என்ற கொள்கையை நாம் ஓரிடத்தில் கைவிட்டால், அடுத்த நாளே அது நம் சேரிப் பிள்ளைமேல் வந்து விழும். அந்தச் சிறுவர்களின் கையில் அரிவாளைக் கொடுத்த ஊரையும் சாதிச் சங்கத்தையும் கண்டுகொள்ளாத பள்ளியையும் விசாரியுங்கள் என்பதே நம் நிலை.

முடிவாகச் செய்ய வேண்டியவை. புதுச்சேரியின் 5 தனித் தொகுதிகளில் ஊசுடு, திருபுவனை, ஏம்பலம், நெட்டப்பாக்கம் ஆகிய 4 இந்தக் கிராமப்புறத்தில்தான் இருக்கின்றன. எண்ணிக்கை பலம் நமக்கு இருக்கிறது, கணக்குக் கேட்கும் பழக்கம்தான் இல்லை. மாணவர்கள் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில், இரண்டு கொம்யூன்களிலும் உள்ள ஒவ்வொரு உயர்நிலைப் பள்ளியிலும் ஒன்பதாம், பத்தாம் வகுப்பில் கொடுத்த டி.சி.க்களின் எண்ணிக்கையைச் சமூகவாரியாகக் கேளுங்கள். பெற்றோர் பள்ளி மேலாண்மைக் குழுவில் இடம்பிடியுங்கள். ‘விருப்பத்தின் பேரில்’ என்ற தாளில் கையெழுத்துப் போடாதீர்கள், ஒருநாள் அவகாசம் கேட்டு நம்மிடம் வாருங்கள். பிள்ளையை ஸ்டேஷனுக்கு அழைத்துப் போனால், குழந்தைகள் நலக் காவல் அலுவலர் யார் என்று முதலில் கேளுங்கள். சிறு வழக்குகளில் எஃப்.ஐ.ஆர். போடக் கூடாது, பொதுநாட்குறிப்பில்தான் பதிய வேண்டும் என்று விதி இருப்பதைச் சொல்லுங்கள். முடிந்துபோன வழக்கின் விவரத்தை நன்னடத்தைச் சான்றுக்காகக்கூடப் போலீசார் வெளியிடக் கூடாது என்கிறது 74ஆம் பிரிவு. போலீஸ் மறக்க வேண்டும் என்று சட்டம் சொல்வதை, டி.சி.யில் ஒரு பள்ளி காலத்துக்கும் எழுதிவைப்பதை நாம் ஏற்க முடியாது.

அய்யா நின்றுபோன பிள்ளைகளின் வாசலுக்குப் போனார். நாம் அந்த வாசலுக்கும் போவோம். பதிவேட்டைப் பூட்டி வைத்திருக்கும் அலுவலக வாசலுக்கும் போவோம்.

ஜெய்பீம்.