ஆரணித் தறியும் கூலி என்னும் சொல்லும்

கூலி என்பது தமிழில் மிகப் பழைய சொல். திருக்குறளின் ஆள்வினையுடைமை அதிகாரத்தில் அஃது உடலுழைப்பின் பயன் என்னும் பொருளில் ஆளப்பெற்றுள்ளது. ஆரணி நகரின் நெசவுத் தெருக்களில் அச்சொல் இன்றும் அப்பொருளிலேயே வழங்குகின்றது. புடவையை நெய்து முடித்தவர் பெறுவது கூலி; அதனைக் கொடுப்பவர் முதலாளி. விலை என்றோ ஆதாயம் என்றோ நெசவாளர் அதனைக் கூறுவதில்லை. ஆயின், அரசு ஆவணங்கள் அவரைக் கைவினைஞர் என்றும், சொந்தத் தொழில் செய்வோர் என்றும் பெரும்பாலும் குறித்து வந்துள்ளன. இவ்வேறுபாடு வெறுஞ்சொல் வேறுபாடு அன்று. நெசவாளர் நோயுற்றுப் படுத்த நாளில் அவர் வீட்டில் உலை ஏறுமா என்பது இதனைப் பொறுத்தே அமைகின்றது என்பதனை ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

தறியை எண்ணுதல் ஆள்வோர்க்குப் புதியதன்று. சோழர், விசயநகர வேந்தர் காலத்துக் கல்வெட்டுகளில் தறியிறை என்னும் வரி பயில வருகின்றது. ஆங்கிலக் கும்பினியார் ஆட்சியிலும் மோதர்பா என்னும் பெயரில் தறிவரி தண்டப்பெற்றது. வரி கொள்ளும் பொருட்டுத் தறி எண்ணப்பட்டதே அன்றி, அதன்கண் அமர்ந்தோர் எத்துணைப் பேர், அவர் உழைத்த நாள் எத்துணை என்பன எண்ணப்படவில்லை. இக்குறை பிற்காலத்தும் முற்றும் நீங்கிற்றில்லை.

ஆரணி, கமண்டல நாகநதிக் கரையில் அமைந்த ஊர். முன்பு வடஆர்க்காடு மாவட்டத்திலும், 1989 முதல் திருவண்ணாமலை மாவட்டத்திலும் அடங்கியது. அரிசிக்கும் பட்டிற்கும் ஒருங்கே பெயர் பெற்றது. செங்குந்தரும் சௌராட்டிரரும் பிறரும் இங்கு நெசவு செய்து வருகின்றனர். பட்டு நூல் பெரும்பாலும் கன்னட நாட்டிலிருந்து வருவது. ஜரிகைக்குச் சூரத்து நகரம் பெயர் பெற்றது. இவை இரண்டும் விலை மிக்கவை. ஆதலின் இவற்றைத் தாமே வாங்கி நெய்து விற்கும் ஆற்றல் பெரும்பாலான நெசவாளர்க்கு இல்லை. முதலாளி சாயமிட்ட பாவையும் ஊடை நூலையும் ஜரிகையையும் எடை பார்த்துத் தருவார். நெசவாளர் தம் வீட்டிலுள்ள குழித்தறியில் நெய்து, புடவையை மீண்டும் எடைக்கு ஒப்புவிப்பார். குறை காணப்படின் கூலியிற் கழிக்கப்படும். நூல் முதலாளியுடையது, வண்ணமும் கரையும் அவர் குறித்தவை, புடவையும் அவருடையதே. நெசவாளர்க்கு உரியவை தறி, வீடு, உழைப்பு ஆகிய மூன்றே. அத்தறியும் பல இடங்களில் முதலாளி தந்த முன்பணத்தால் அமைந்தது. முன்பணம் தீருமளவும் வேறு முதலாளியிடம் செல்லுதல் இயலாது.

கூலி ஒருவர் பெயரில் எழுதப்படுகின்றது. உழைப்போ ஒருவருடையது அன்று. தார் சுற்றுவோர் பெரும்பாலும் மனைவியரும் தாயாருமாவர். கோர்வைப் புடவையாயின், கரைக்கும் உடலுக்கும் தனித்தனி நாடா வேண்டியிருத்தலின், தறியின் ஒரு பக்கத்தில் மற்றொருவர் அமர்ந்து நாடாவை வாங்கித் தருதல் வேண்டும். ஒரு புடவை பத்து நாளில் முடிந்தது எனக் கொள்வோமாயின், அதில் அடங்கியது பத்து நாள் உழைப்பு அன்று. இருபது நாள் உழைப்பிற்கும் மேலாகும். புடவைக் கூலியைப் பத்தால் வகுத்து நாட்கூலி காண்போர் அதனை இருமடங்காகக் காண்கின்றனர். 2019-20-ஆம் ஆண்டின் நான்காம் அனைத்திந்தியக் கைத்தறிக் கணக்கெடுப்பு, நெசவுக் குடும்பங்களுள் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கினரின் மாத வருவாய் 5,000 ரூபாய்க்குக் குறைவானது எனக் காட்டிற்று. அது குடும்பத்தின் வருவாய் என்பதனைக் கற்போர் மறவாதிருத்தல் நன்று.

இனிச் சட்டங்களைக் காண்போம். 1948-ஆம் ஆண்டு இந்தியத் தொழிலாளர் வரலாற்றில் குறிக்கத்தக்கது. தொழிற்சாலைச் சட்டம், குறைந்தபட்சக் கூலிச் சட்டம், இ.எஸ்.ஐ. என மக்கள் வழங்கும் தொழிலாளர் அரசு ஈட்டுறுதிச் சட்டம் ஆகிய மூன்றும் அவ்வாண்டில் இயற்றப்பெற்றவை. தொழிற்சாலைச் சட்டத்தின்படி, மின்விசை கொண்டு பத்துப் பேர் பணிபுரியும் இடம் தொழிற்சாலை ஆயிற்று. ஆரணியில் நெல்லாலையில் மூட்டை சுமந்தவர் அவ்வரையறைக்குள் வரக்கூடும். அடுத்த தெருவில் தம் வீட்டுக் குழித்தறியில் அமர்ந்த நெசவாளர் வாரார். இடமே அளவுகோல் ஆயிற்று. உழைப்பின் தன்மை அளவுகோல் ஆகவில்லை.

வீட்டில் உழைப்போரைத் தொழிலாளர் எனக் கொள்ளுதல் இயலாததோ எனின், அன்று. வடஆர்க்காட்டுப் பகுதியிலேயே பரவியிருந்த பீடித் தொழில் இதற்குச் சான்று. சேலத்துப் பீடித் தொழிலாளர் சங்கம் வழக்காடியபோது, இடைநின்ற ஒப்பந்தக்காரர் உரிமையாளரின் முகவரே எனவும், பீடி சுற்றுவோர் உரிமையாளரின் தொழிலாளரே எனவும் உச்சநீதிமன்றம் 1964-இல் தீர்ப்பளித்தது. 1966-ஆம் ஆண்டின் பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டம், வீட்டிலிருந்து பீடி சுற்றுவோரையும் தொழிலாளர் என வெளிப்படையாக வரையறுத்தது. 1976-இல் அவர்தம் நலநிதி தோன்றிற்று; அந்நிதியால் மருந்தகங்கள் நடைபெற்றன. இலையும் புகையிலையும் பெற்று வீட்டில் சுற்றுபவர்க்குப் பொருந்திய நெறி, பாவும் ஜரிகையும் பெற்று வீட்டில் நெய்பவர்க்குப் பொருந்தாமைக்குத் தக்க காரணம் எமக்குப் புலப்படவில்லை. நெசவைக் கலையெனப் போற்றும் மரபே இதற்கு ஓரளவு தடையாயிற்றோ என ஐயுறுகின்றோம். பீடியை எவரும் கலை என்றிலர்!

கூட்டுறவு இயக்கம் செய்த நன்மையை மறைத்தல் முறையன்று. 1935-இல் தோன்றிய சென்னை மாகாணக் கைத்தறி நெசவாளர் கூட்டுறவுச் சங்கம், இன்று கோ-ஆப்டெக்ஸ் என வழங்குவது, முதலாளியின் பிடியிலிருந்து பலரை விடுவித்தது. சேமிப்பும் ஓய்வூதியமும் அவ்வழியே கிடைத்தன. எனினும் கூட்டுறவில் நெசவாளர் உறுப்பினர் ஆகின்றார், பங்குதாரர் ஆகின்றார், தொழிலாளர் என்னும் பெயர் அங்கும் பின்னிற்கின்றது. சங்கத்தில் சேராது முதலாளியிடம் நெய்வோர்க்கோ இவையும் இல்லை.

கூலியின் அளவு பற்றிய கருத்தும் படிப்படியாகவே வளர்ந்தது. அரசியலமைப்பின் 43-ஆம் உறுப்பு வாழ்க்கைக்கேற்ற ஊதியத்தை அரசின் குறிக்கோளாகக் கூறிற்று. 1957-ஆம் ஆண்டின் பதினைந்தாம் இந்தியத் தொழிலாளர் மாநாடு, உழைப்பவர் குடும்பத்தை மூன்று நுகர்வு அலகாகக் கொண்டு, உணவு, ஆண்டிற்கு 72 கெஜம் துணி, வீட்டு வாடகை, எரிபொருளும் பிறவுமாகக் கணக்கிட்டது. மருந்துக்கு அதில் தனியிடம் இல்லை. சென்னையில் ஆலை நடத்திய ரெப்டகாஸ் பிரெட் நிறுவனத்தின் வழக்கில் 1991-இல் உச்சநீதிமன்றம், கல்வி, மருத்துவம், முதுமை முதலியவற்றிற்காக 25 விழுக்காட்டைக் குறைந்தபட்சக் கூலியில் அடக்குமாறு கூறிற்று. மருத்துவம் கூலியின் உறுப்பு எனக் கொள்ளப்பெற 34 ஆண்டுகள் ஆயின.

தறியின் நோய் மருத்துவமனையில் கிடந்து தீரும் நோய் அன்று. குழியில் கால் தொங்கவிட்டு நாள் முழுதும் குனிந்திருப்பதால் முதுகும் முழங்காலும் நோகின்றன. மெல்லிழையை உற்று நோக்குதலால் கண் தளர்கின்றது. மழைக்காலத்தில் குழியில் நீர் ஊறும். பாவும் ஈரம் ஏறித் தளரும். நடுவணரசு 2005-இல் நெசவாளர்க்கெனத் தொடங்கிய மருத்துவக் காப்பீடு, நெசவாளர், துணைவர், மக்கள் இருவர் ஆகியோர்க்கு ஆண்டிற்கு 15,000 ரூபாய் வரை உதவிற்று. அதில் 7,500 ரூபாய் புறநோயாளர் செலவிற்கு உரியது. பிற்குறித்த பகுதியே தறிநோய்க்கு ஏற்றது. தார் சுற்றிய முதிய தாயார் அந்நால்வருள் அடங்கவில்லை. அத்திட்டம் பின்னர் நின்றது. 2009-இல் தமிழக அரசு தொடங்கிய காப்பீடு பெருநோய்க்கும் அறுவைக்கும் பேருதவி ஆயிற்று. ஆயின் இவற்றுள் எதுவும், நெய்யாத நாளின் கூலியை ஈடு செய்யவில்லை. இ.எஸ்.ஐ. உறுப்பினர் நோயுற்றால், ஆண்டில் 91 நாள் வரை ஊதியத்தில் 70 விழுக்காடு பெறுகின்றார். நெசவாளர் நோயுற்றால், மருந்திற்கு முதலாளியிடம் பணம் கேட்கின்றார்; அது முன்பணத்துடன் சேர்கின்றது; நோய் தீர்ந்தபின்னரும் கட்டு இறுகி நிற்கின்றது.

2008-ஆம் ஆண்டின் அமைப்புசாராத் தொழிலாளர் சமூகப் பாதுகாப்புச் சட்டம், கருவியையும் மூலப்பொருளையும் யார் தந்தாலும், ஊதியத்திற்காகத் தம் வீட்டில் பிறர்க்குப் பொருள் செய்பவர் வீட்டுப் பணியாளர் என வரையறுத்தது. 2020-இல் இயற்றப்பெற்று 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புத் தொகுப்பும் அவ்வரையறையைக் கொண்டுள்ளது, இ.எஸ்.ஐ. பயன்களை அமைப்புசாராதார்க்கு நீட்டிக்கும் திட்டம் வகுக்க நடுவணரசுக்கு அதிகாரமும் அளித்துள்ளது. அத்தகைய திட்டம் நெசவாளர்க்கு வகுக்கப்பெறின், பணி கொடுத்தவர் யார் என்னும் வினா முதலில் எழும். ஆரணியில் அதற்குச் சான்று அரிதன்று. பாவு தந்த நாள், ஜரிகையின் எடை, கொடுத்த முன்பணம், கழித்த தொகை ஆகியன முதலாளியின் கணக்கேட்டில் வரிவரியாக உள்ளன. அவ்வரிகளின் இறுதியில் எழுதப்படும் சொல் கூலி என்பதே.