வெட்ட ஏலாது என்ற பிறகு

இரத்தோட்டைப் பக்கத் தோட்டங்களில் மார்பில் கட்டி வந்தால், பல பெண்கள் அதை வெளியே சொல்வதே பிந்தித்தான். "இனி ஒப்பரேஷன் செய்ய ஏலாது" என்று டொக்டர் சொன்னதும், வீட்டில் எல்லாம் முடிந்தது என்று நினைக்கிறோம். ஆனால் 'கரண்ட் பிடிக்கிறது' என்று நாங்கள் சொல்கிற கதிர்வீச்சுச் சிகிச்சையின் வரலாறு தொடங்குவதே அந்த இடத்தில்தான்.

1895 நவம்பரில் ரொண்ட்ஜன் எக்ஸ் கதிரைக் கண்டுபிடித்தார். அடுத்த ஜனவரியிலேயே, மார்புப் புற்றுநோய் முற்றிய ரோஸ் லீ என்ற பெண்ணுக்கு அதைப் பாய்ச்சியதாக சிகாகோவின் எமில் குருபே பின்னாளில் எழுதினார். அவர் சொன்னதை வரலாற்றாசிரியர்கள் எல்லோரும் நம்புவதில்லை.

அந்தக் காலத்தில் மார்புப் புற்றுநோய்க்கு ஹால்ஸ்டெட் முறைதான் வழி. மார்பு, அதன் அடியிலுள்ள தசை, அக்குள் நிணநீர்க்கட்டிகள் என்று எல்லாவற்றையும் எடுத்துவிடுவார்கள். 1920களில் லண்டனில் ஜெஃப்ரி கீன்ஸ் (பொருளியல்காரர் கீன்ஸின் தம்பிதான்) வெட்ட முடியாத கட்டிகளைச் சுற்றி ரேடியம் ஊசிகளைக் குத்தி வைத்தார். பல கட்டிகள் சுருங்கின. முற்றியதே சுருங்குது என்றால், ஆரம்பத்தில் இருக்கிறதுக்கு ஏன் முழு மார்பையும் எடுக்கணும்? 1937இல் தன் முடிவுகளை எழுதினார். சத்திரசிகிச்சை நிபுணர்கள் பலர் காது கொடுக்கவில்லை.

1985இல்தான் அமெரிக்காவில் பெர்னார்ட் ஃபிஷரின் குழு பதில் சொன்னது. ஆரம்ப நிலையில் கட்டியை மட்டும் எடுத்துக் கதிர் கொடுத்தாலும், உயிர் பிழைப்பதில் வித்தியாசம் இல்லை. இன்று எத்தனையோ பெண்கள் மார்பை இழக்காமல் இருப்பதற்குப் பின்னால், கைவிடப்பட்டிருந்த அந்தப் பெண்களும் இருக்கிறார்கள். அவர்களில் பெரும்பாலானவர்களின் பெயர் நமக்குத் தெரியாது.

வெட்ட ஏலாத கட்டிக்கு இன்றும் கதிர் உண்டு. சிலருக்கு மருந்தும் கதிரும் கட்டியைச் சுருக்கி ஒப்பரேஷனுக்கு வழிவிடும். சிலருக்கு வலியையும் இரத்தக் கசிவையும் குறைக்கும். அதுவும் சின்ன விஷயம் இல்லை.

மஹரகமவிலும் கண்டியிலும் அரச ஆஸ்பத்திரியில் இது இலவசம்தான். ஆனால் சிகிச்சை பெரும்பாலும் கிழமையில் ஐந்து நாள், பல கிழமைகள். பெரட்டுக்குப் போகாத நாளுக்குப் பேர் விழாது, பஸ் காசும் கையிலிருந்துதான். மெஷின் இருந்தும் பாதியில் நின்றுபோவது இப்படித்தான்.

ஆகவே நாங்கள் கேட்க வேண்டியது இரண்டு. டொக்டரிடம்: "ஒப்பரேஷன் ஏலாது என்றால், வேறு என்ன செய்யலாம்?" தோட்ட நிர்வாகத்திடமும் சங்கங்களிடமும்: "அந்தக் கிழமைகளுக்குச் சம்பளத்தோடு லீவு எங்கே?"