முன்பருவக் கல்விப் பாடத்திட்டம் (தமிழ்நாடு)

ஒன்றாம் வகுப்பில் சேருமுன், ஏறத்தாழ மூன்று வயது முதல் ஐந்தாறு வயது வரையுள்ள குழந்தைக்கு எதைப் பழக்குவது, எப்படிப் பழக்குவது என்ற ஏற்பாட்டுக்கு முன்பருவக் கல்விப் பாடத்திட்டம் என்று பெயர். உடல், மொழி, அறிவு, மனம், பிறரோடு பழகும் பாங்கு ஆகிய அனைத்தும் ஒருசேர வளர வேண்டும் என்பது இன்று இதற்குச் சொல்லப்படும் நோக்கம். தமிழ்நாட்டில் இந்த நோக்கம் நேர்வழியில் வந்து சேரவில்லை. முதலில் எழுத்தும் எண்ணும் இருந்தன. பிறகு சோறு வந்தது. விளையாட்டு கடைசியில்தான் பாடமாயிற்று.

திண்ணையும் மணலும்

காஞ்சிபுரத்துக்கு மேற்கே, பாலுசெட்டி சத்திரத்தை அடுத்துள்ள திருப்புட்குழிக்குக் கல்வி வரலாற்றில் ஓர் இடம் உண்டு. இராமானுசர் யாதவப் பிரகாசரிடம் வேதாந்தம் பயின்ற ஊர் இது என்பது வைணவ மரபு. உபநிடதச் சொல் ஒன்றுக்கு ஆசிரியர் சொன்ன பொருளைக் கேட்டுக் கண்ணீர் விட்ட மாணவர், தாமே வேறு பொருள் சொன்னார் என்று குருபரம்பரைக் கதைகள் கூறும். ஆனால் அது வளர்ந்தவர்களின் பள்ளி. அங்கே எதிர்வாதத்துக்கு இடம் இருந்தது. குழந்தைகளின் பள்ளியில் அதற்கு இடமே இல்லை. இதே ஊரின் விஜயராகவப் பெருமாள் கோயிலில், பிள்ளை வரம் வேண்டுவோர் மரகதவல்லித் தாயாரை வழிபட்டு, வறுத்த பயறு முளைக்கிறதா என்று பார்ப்பது வழக்கம். அப்படி வேண்டிப் பெற்ற பிள்ளையானாலும் ஐந்து வயதில் திண்ணைப் பள்ளிக்கூடத்துக்குப் போய்ப் பிரம்புக்கு முன்னால் உட்கார வேண்டியதுதான்.

விஜயதசமியன்று, பரப்பிய நெல்லிலோ அரிசியிலோ குழந்தையின் விரலைப் பிடித்து முதல் எழுத்தை எழுத வைப்பார்கள். பள்ளியில் நெல்லின் இடத்தை மணல் பிடித்துக்கொண்டது. வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே மணலில் விரலால் எழுதி, கை பழகிய பிறகுதான் பனையோலையும் எழுத்தாணியும் கிடைக்கும். அரிச்சுவடி, ஆத்திசூடி, கொன்றை வேந்தன் என்று மனப்பாடம் நீளும். கணக்குக்கு எண்சுவடி. முந்திரி (1/320), காணி (1/80), மா (1/20), வீசம் (1/16) என்ற கீழ்வாய்க் கணக்குகளைப் பால்பல் விழாத பிள்ளைகள் கூட்டமாகக் கத்தி ஒப்பித்தார்கள். நிலத்தையும் நெல்லையும் அளக்கிற ஊருக்கு அந்தப் பின்னங்கள் தேவைப்பட்டன. அந்தப் பிள்ளைகளுக்குத் தேவைப்பட்டனவா என்று யாரும் கேட்கவில்லை. மூத்த மாணவனான சட்டாம்பிள்ளை சின்னவர்களுக்குப் பாடம் சொல்லித் தந்தான். உ.வே.சாமிநாதையரின் ‘என் சரித்திரம்’ இத்தகைய பள்ளியின் ஒரு நாளை விடியற்காலை தொடங்கி விரிவாகச் சொல்கிறது.

சென்னை மாகாண ஆளுநர் தாமஸ் மன்றோ 1822இல் எடுக்கச் சொன்ன கணக்கில், மாகாணம் முழுவதும் 12,498 பள்ளிகளும் 1,88,650 மாணவர்களும் பதிவாயினர். பெண் குழந்தைகள் மிகச் சொற்பம். ஒடுக்கப்பட்ட சாதியினருக்குப் பெரும்பாலான திண்ணைகளில் இடமில்லை.

அதற்கு முன்பே இந்த மணல் கப்பலேறிவிட்டது. சென்னை எழும்பூரில் படைவீரர்களின் ஆதரவற்ற ஆண் பிள்ளைகளுக்கான இல்லத்தை 1789 முதல் நடத்திய ஆண்ட்ரூ பெல், நாட்டுப் பள்ளியொன்றில் பிள்ளைகள் மணலில் எழுதுவதைக் கண்டு அதைத் தம் இல்லத்தில் புகுத்தினார். பிள்ளைகளே பிள்ளைகளுக்குச் சொல்லித்தரும் ஏற்பாட்டையும் வகுத்து, இரண்டையும் 1797இல் இலண்டனில் நூலாக வெளியிட்டார். ‘மெட்ராஸ் முறை’ என்ற பெயரில் அது இங்கிலாந்தில் பரவியது. நம்மூர்த் திண்ணையோ காலப்போக்கில் அரசுப் பள்ளிகளுக்கு வழிவிட்டு மறைந்தது. அந்தப் பள்ளிகள் ஐந்து வயதுக்குக் கீழ் யாரையும் கண்டுகொள்ளவில்லை.

அடையாற்றுக் கொட்டகைகள்

ஐந்து வயதுக்குக் கீழே இருப்பதும் கல்விக்குரிய பருவம் என்ற எண்ணம் ஐரோப்பாவில் உருப்பெற்றது. ஜெர்மனியில் 1837இல் சிறு குழந்தைகளுக்கான நிலையத்தைத் தொடங்கிய ஃபிரடெரிக் ஃப்ரோபல், 1840இல் அதற்குக் கிண்டர்கார்டன் (குழந்தைகளின் தோட்டம்) என்று பெயரிட்டார். அந்தப் பெயர்தான் எல்.கே.ஜி., யு.கே.ஜி. என்று சுருங்கி இன்று நம் தெருப் பலகைகளில் தொங்குகிறது. அதிலிருந்த தோட்டம் வழியிலேயே உதிர்ந்துவிட்டது.

இந்திய முயற்சிகளில் முதன்மையானது குஜராத்தின் பாவ்நகரில் கிஜுபாய் பதேகா 1920இல் தொடங்கிய பாலமந்திர். அவரோடு பணியாற்றிய தாராபாய் மோடக், 1945இல் மகாராஷ்டிரத்தின் போர்டி கிராமத்தில், குழந்தைகளைப் பள்ளிக்கு வரச் சொல்லாமல் பள்ளியைச் சேரியின் முற்றத்துக்கே கொண்டுபோனார். அங்கன் என்றால் முற்றம். அங்கன்வாடி என்ற சொல் அப்படி வந்தது.

தமிழகத்துக்கு மரியா மாண்டிசோரி 1939 நவம்பரில் வந்தார். பிரம்மஞான சபைத் தலைவர் ஜார்ஜ் அருண்டேலும் ருக்மிணி தேவியும் அழைத்திருந்தார்கள். அடையாற்றில் கீற்றுக் கொட்டகைகள் போட்டு நடந்த பயிற்சிக்கு இந்தியா முழுவதிலிருந்தும் ஏறத்தாழ முந்நூறு பேர் வந்தனர். சில மாதப் பயணம் என்று நினைத்து வந்தவரை 1940இல் இத்தாலி போரில் இறங்கியது பிடித்துப்போட்டது. மகன் மரியோ அகமத்நகரில் சிறைவைக்கப்பட்டார். மாண்டிசோரி சபை வளாகத்தை விட்டு வெளியேறத் தடை. அவருடைய எழுபதாம் பிறந்தநாளையொட்டி ஆகஸ்டு இறுதியில் மகனை விடுவித்தார்கள். பின்னர் கொடைக்கானலில் 1942 முதல் 1944 வரை தங்கிப் பள்ளி நடத்தினார். பிறந்த சில ஆண்டுகளில் குழந்தை சுற்றியுள்ள அனைத்தையும் உறிஞ்சிக்கொள்கிறது என்று சொல்லும் அவருடைய புகழ்பெற்ற நூல் 1949இல் அடையாற்றில்தான் முதலில் அச்சானது.

அவருடைய கருவிகளில் உப்புத்தாளில் வெட்டி ஒட்டிய எழுத்துகள் உண்டு. கண் பார்க்க, வாய் சொல்ல, விரல் அந்தச் சொரசொரப்பைத் தடவிப் போகும். திண்ணைப் பள்ளியில் மணலில் விரல் தேய்த்த தாத்தாக்கள் அதைப் பார்த்திருந்தால் வியப்படைந்திருக்க மாட்டார்கள். வேறுபாடு விரலில் இல்லை. யார் வேகத்தில் அந்த விரல் நகர்ந்தது என்பதில் இருந்தது. ஆனால் மாண்டிசோரி முறை வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகளைத் தாண்டி அதிக தூரம் போகவில்லை. மரக்கட்டைகளுக்கும் மணிச்சரங்களுக்கும் விலை இருந்தது.

தறியோரம்

காஞ்சிபுரத்து நெசவாளர் வீட்டில் நிலைமை வேறு. உடலும் கரையும் வெவ்வேறு நிறத்தில் வரும் கோர்வைப் பட்டுக்கு மூன்று நாடா ஓட வேண்டும். நெசவாளி ஒருவரால் அது ஆகாது. பக்கத்தில் உட்கார்ந்து கரை நாடாவைத் தள்ள இன்னொரு கை வேண்டும். பல காலம் அந்தக் கை ஒரு பிள்ளையின் கையாக இருந்தது. பெற்றோர் வாங்கிய முன்பணத்துக்கு ஈடாகப் பிறர் தறிக்குப் போன பிள்ளைகளும் உண்டு. காஞ்சிபுரத்துப் பட்டுத் தறிகளில் கொத்தடிமைச் சிறார் இருந்ததை 2003இல்கூட மனித உரிமைக் கண்காணிப்பகத்தின் அறிக்கை பதிவு செய்தது. இப்படிப்பட்ட வட்டாரத்தில் மூன்று வயதுப் பிள்ளையைப் பகலில் வைத்துக்கொள்ள ஓர் இடம் என்பதே பெரிய பாடத்திட்டம். தாய் தார் சுற்றும்போது மூத்த பெண் குழந்தை தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டிருந்தால் அவளுக்கும் பள்ளி இல்லை.

பால்வாடியும் சோறும்

அத்தகைய இடங்களுக்குப் பால்வாடி என்று பெயர் வந்தது. துர்காபாய் தேஷ்முக் தலைமையில் 1953இல் அமைந்த மத்திய சமூக நல வாரியத்தின் உதவியால் அவை கிராமங்களில் பரவின. மீனா சுவாமிநாதன் தலைமையிலான ஆய்வுக் குழு 1972இல் அளித்த அறிக்கை, ஏழைக் குழந்தையின் உணவையும் உடல்நலத்தையும் கல்வியையும் தனித்தனியே பார்க்கக் கூடாது என்றது. 1975 அக்டோபர் 2இல் நாடெங்கும் 33 வட்டாரங்களில் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் தொடங்கியது. அதன் ஆறு சேவைகளில் முன்பருவக் கல்வி ஒன்று. மற்றவை பெரும்பாலும் உணவும் மருத்துவமும்.

தமிழ்நாடு இதில் வயிற்றின் பக்கமே சாய்ந்தது. உலக வங்கி உதவியுடன் 1980இல் தொடங்கிய ஊட்டச்சத்துத் திட்டம் ஆறு மாதம் முதல் மூன்று வயது வரையுள்ள குழந்தைகளை மாதந்தோறும் எடை பார்த்தது. அந்த வயதைத் தாண்டிய குழந்தை அதன் கணக்கில் இல்லை. 1982 ஜூலை 1இல் எம்.ஜி.ஆர். தொடங்கிய சத்துணவுத் திட்டம் அந்த இடைவெளியை நிரப்பியது. கிராமங்களில் இரண்டு முதல் ஐந்து வயது வரையுள்ளவர்களுக்கும் தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்கும் மதியச் சோறு கிடைத்தது. ஊருக்கு ஊர் குழந்தைகள் மையம் முளைத்தது. சோற்றுக்கு வந்த பிள்ளைகள் சோற்று நேரம் வரை என்ன செய்வது? பாட்டு, கதை, கை தட்டல். பாடத்திட்டம் அந்தக் காத்திருப்பில் பிறந்தது என்று சொன்னால் மிகையில்லை. குழந்தைக் கவிஞர் அழ.வள்ளியப்பாவின் பாட்டுகளை வாய்ப்பாடமாகப் பாடவைத்த பணியாளர்களே அதன் முதல் ஆசிரியர்கள். பிள்ளைகளுக்கு மையப் பணியாளர் ‘டீச்சர்’, உதவியாளர் ‘ஆயா’. எடை, தடுப்பூசி, சத்துமாவு, கர்ப்பிணிகள் என்று பதிவேடுகள் அனைத்தும் அதே டீச்சரின் மேசையில்தான்.

அந்தப் பாட்டுக்கும் கதைக்கும் அரசு ஒழுங்கான வடிவம் தந்தது ‘ஆடிப் பாடி விளையாடு பாப்பா’ என்ற பாடத்திட்டத்தில். பெயர் பாரதியின் பாப்பாப் பாட்டை நினைவூட்டும். குடும்பம், விலங்குகள், காய்கறி, போக்குவரத்து என்று ஒவ்வொரு கருப்பொருளையும் எடுத்து, அதைச் சுற்றியே கதை, பாட்டு, வரைதல், வெளி விளையாட்டு எல்லாம் அமையும். புளியங்கொட்டையை எண்ணுவது கணக்கு; களிமண் பிசைவது விரலுக்குப் பயிற்சி; தண்ணீரைச் சிந்தாமல் ஊற்றுவதும் பாடம்தான். தமிழ்நாட்டின் அங்கன்வாடி மையங்கள் இன்று 54,439.

எல்.கே.ஜி. என்ற ஏக்கம்

ஆனால் பெற்றோர் கண்ணில் களிமண் படிப்பில்லை. டை கட்டி, வேனில் ஏறி, ஏ ஃபார் ஆப்பிள் சொன்னால்தான் படிப்பு. கடன் வாங்கியாவது மழலையர் பள்ளியில் சேர்க்கிறார்கள். அங்கே மூன்றரை வயதில் வீட்டுப்பாடம். திண்ணைப் பள்ளியின் மனப்பாடம் பிரம்பை மட்டும் வெளியே வைத்துவிட்டு ஆங்கிலத்தில் திரும்பி வந்தது என்றே கொள்ளலாம். கும்பகோணத்தில் 2004 ஜூலை 16இல் 94 குழந்தைகள் பள்ளித் தீயில் இறந்த பிறகு அரசின் பார்வை கட்டடத்தின் மேல் விழுந்தது: கீற்றுக் கூரைகள் இறங்கின. உள்ளே என்ன சொல்லித்தரப்படுகிறது என்பது பின்னுக்கே இருந்தது.

தனியாருக்குப் போகும் பிள்ளைகளை நிறுத்த, 2019 ஜனவரியில் அரசு நடுநிலைப் பள்ளி வளாகங்களில் இருந்த 2,381 அங்கன்வாடிகளில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. தொடங்கப்பட்டது. அனுப்பப்பட்ட இடைநிலை ஆசிரியர்கள், தாங்கள் பயின்றது இதற்கல்ல என்று நீதிமன்றம் வரை போனார்கள். 2022இல் அந்த ஆசிரியர்கள் தொடக்க வகுப்புகளுக்குத் திருப்பப்பட, வகுப்புகள் நிற்கும் என்ற செய்தி எதிர்ப்பைக் கிளப்பியது. சில நாட்களில் முடிவு மாறியது. தொகுப்பூதியத்தில் சிறப்பு ஆசிரியர்களை வைத்துத் தொடர்வது என்றானது.

இப்போது சச்சரவு வயதைப் பற்றியது. 2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை மூன்று முதல் எட்டு வயது வரை ஒரே கட்டமாக்கி, ஒன்றாம் வகுப்புக்கு ஆறு வயது என்கிறது, முன்பருவம் மூன்றாண்டு. தமிழ்நாடு 2025 ஆகஸ்டு 8இல் தனக்கெனத் தனிக் கொள்கை வெளியிட்டது. இங்கே ஐந்து வயதில் ஒன்றாம் வகுப்பு, முன்பருவம் இரண்டாண்டு. இடையில் நிற்கும் அந்த ஓராண்டில் ஐந்து வயதுப் பிள்ளை புளியங்கொட்டை எண்ணுமா, கோடு போட்ட நோட்டில் எழுதுமா என்பதில்தான் இரு கொள்கைகளும் பிரிகின்றன.