மனையியல்: வெறும் சமையல் வகுப்பா?

மனையியல் என்றதும் பலருக்கு என்ன நினைவுக்கு வரும்? பூத்தையல், கேக், காய்கறியில் பூ வெட்டுவது... "மார்க் குறைஞ்சவங்க எடுக்குற குரூப்", "கல்யாணத்துக்குக் காத்திருக்கும் பெண்கள் படிக்கும் படிப்பு" என்ற கிண்டல் வேறு! ஆனால் இந்தப் பாடத்தின் உயிர்நாடியான சத்துணவுப் பகுதிக்குப் பின்னால் ஒரு நீண்ட வரலாறு இருக்கிறது. அதில் பஞ்சம் இருக்கிறது, ஆய்வுக்கூடம் இருக்கிறது, மதுரைப் பக்கத்துக் கிராமங்களும் இருக்கின்றன. அதைக் கொஞ்சம் திரும்பிப் பார்ப்போம்.

பஞ்சம் எழுப்பிய கேள்வி

"ஒரு மனிதன் உயிர்வாழ ஒரு நாளைக்கு எவ்வளவு உணவு வேண்டும்?" மனையியல் வகுப்பின் முதல் கேள்வியே இதுதான். சென்னை மாகாணத்தில் இந்தக் கேள்வி பெரிய அளவில் எழுந்தது 1876-78 தாது வருடப் பஞ்சத்தின்போது. நிவாரண வேலைக்கு வந்த மக்களுக்கு ஒரு நாள் கூலியாக ஒரு பவுண்டு, அதாவது சுமார் 450 கிராம் தானியமும் கொஞ்சம் காசும் போதும் என்று 1877-ன் தொடக்கத்தில் சர் ரிச்சர்ட் டெம்பிள் குறைத்துவிட்டார். அரசுக்குச் செலவு மிச்சம்!

மாகாணத்தின் சுகாதார ஆணையராக இருந்த டாக்டர் கார்னிஷ் இதைக் கடுமையாக எதிர்த்தார். மண் வெட்டிக் கல் சுமக்கும் உடம்புக்கு இந்த அளவு போதாது, வெறும் தானியம் மட்டும் தின்று உடம்பு தேறாது என்பது அவர் வாதம். சில மாதங்களில் கூலி உயர்த்தப்பட்டது. ஆனால் அதற்குள் எத்தனையோ பேர் போய்ச் சேர்ந்திருந்தார்கள். உணவைக் கணக்குப் போடத் தெரியாவிட்டால், அல்லது தவறாகப் போட்டால், என்ன நடக்கும் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டியதில்லை.

குன்னூரில் ஓர் ஆய்வுக்கூடம்

அடுத்த கட்டம் நீலகிரியில் தொடங்கியது. 1918-ல் குன்னூரில் ராபர்ட் மெக்கரிசன் பெரிபெரி நோயைப் பற்றிய ஆய்வைத் தொடங்கினார். ஆலையில் தீட்டி வெள்ளை வெளேரென்று வரும் பச்சரிசியில், தவிட்டோடு சேர்ந்து வைட்டமின் பி1-ம் போய்விடுகிறது. அதையே நம்பி வாழ்பவர்களுக்குப் பெரிபெரி வரும். நெல்லை அவித்துக் காயவைத்துக் குத்தும் புழுங்கல் அரிசியிலோ அந்தச் சத்து அரிசிக்குள்ளேயே இறங்கித் தங்கிவிடுகிறது. நம் பாட்டிமார் அவித்த நெல்லுக்குள் எவ்வளவு பெரிய அறிவியல் பாருங்கள்!

இந்தச் சிறிய ஆய்வுக்கூடம் 1958-ல் ஐதராபாத்துக்கு மாறி, பிறகு தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் ஆனது. அதன் இயக்குநராக இருந்த சி. கோபாலன் சேலத்தில் பிறந்தவர். இந்திய உணவுகளில் எதில் எவ்வளவு சத்து என்று சொல்லும் அட்டவணை முதலில் 1937-ல் குன்னூரிலிருந்து வந்தது. 1971-ல் கோபாலனும் அவருடைய சகாக்களும் அதை விரிவாக்கி வெளியிட்டார்கள். மனையியல் மாணவிகளுக்கு அந்த அட்டவணைதான் வாய்ப்பாடு.

வகுப்பறைக்குள் வந்த அடுப்படி

1932-ல் டெல்லியில் லேடி இர்வின் கல்லூரி தொடங்கப்பட்டது. 1940-களில் சென்னையிலும் மனையியல் பட்டப்படிப்பு வந்தது. 1957-ல் கோவையில் அவினாசிலிங்கம் மனையியல் கல்லூரி பிறந்தது. அதைக் கட்டி வளர்த்தவர் செங்கத்தில் பிறந்து, அமெரிக்காவின் ஒகையோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றுத் திரும்பிய ராஜம்மாள் தேவதாஸ். பள்ளி உணவுத் திட்டங்களுக்குச் சத்துக் கணக்குப் போட்டுத் தந்தவர்களில் முக்கியமானவர் அவர்.

1978-ல் தமிழ்நாட்டில் பிளஸ் டூ வந்தபிறகு, மேல்நிலைப் பள்ளிகளிலும் மனையியல் ஒரு பாடமாக இடம்பிடித்தது. அதில் என்ன சொல்லிக் கொடுத்தார்கள்? சோறோடு பருப்பு ஏன் சேர வேண்டும்? அரிசியில் குறைவாக உள்ள லைசின் பருப்பில் இருக்கிறது, பருப்பில் குறைவாக உள்ள மெத்தியோனின் அரிசியில் இருக்கிறது. இரண்டும் சேர்ந்தால் புரதம் முழுமையாகிறது. வெண்பொங்கலின் ரகசியம் இதுதான்! இட்லி மாவு புளிப்பதால் என்ன லாபம், கீரையை வடித்துத் தண்ணீரைக் கொட்டினால் என்ன நஷ்டம், கர்ப்பிணிக்கு எவ்வளவு இரும்புச்சத்து வேண்டும்... எல்லாம் அன்றாட வாழ்க்கைக்கான கணக்குகள்.

கொட்டாம்பட்டியில் ஒரு தராசு

மதுரையைப் பொறுத்தவரை 1980 மறக்க முடியாத ஆண்டு. அந்த ஆண்டில்தான் ஒத்தக்கடை வேளாண் கல்லூரி வளாகத்தில் மனையியல் கல்லூரி தொடங்கியது. அதே ஆண்டில்தான் மேலூரைத் தாண்டி திருச்சி சாலையில் உள்ள கொட்டாம்பட்டி ஒன்றியத்தில், உலக வங்கிக் கடனுதவியோடு தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டத்தின் முன்னோட்டம் ஆரம்பமானது.

அந்தத் திட்டத்தில் புதுமை என்ன தெரியுமா? எல்லோருக்கும் உணவு கொடுப்பதோடு நிற்காமல், யாருக்கு எப்போது வேண்டும் என்று கண்டுபிடிப்பது. ஆறு மாதம் முதல் மூன்று வயது வரையுள்ள குழந்தைகளை மாதாமாதம் தராசில் தொங்கவிட்டு எடை பார்த்தார்கள். அட்டையில் புள்ளி வைத்துக் கோடு இழுத்தார்கள். கோடு மேலே ஏறினால் நல்லது. ஏறாமல் நின்றுவிட்டால் 90 நாட்களுக்குச் சத்து உருண்டை. தேறிவிட்டால் நிறுத்தம். தேறாவிட்டால் மருத்துவரிடம்.

ஓடியாடும் குழந்தை ஒன்று எடை கூடாமல் நிற்பது பெற்ற தாயின் கண்ணுக்குக்கூடத் தெரியாது. அந்தக் கோடுதான் காட்டிக் கொடுக்கும். இதைச் செய்தவர்கள் டாக்டர்கள் அல்ல. ஓரளவு படித்த, அதே ஊர்ப் பெண்கள்! வீட்டுத் திண்ணையில் அவர்கள் தாய்மாருக்கு எடுத்ததும் மனையியல் வகுப்புதான், பெயர்தான் வேறு.

திட்டம் வேறு மாவட்டங்களுக்கும் பரவியது. கடும் சத்துக்குறைவு கணிசமாகக் குறைந்தது. ஆனால் மிதமான சத்துக்குறைவை அந்த அளவுக்குக் குறைக்க முடியவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும். 90 நாள் உருண்டையால் வீட்டின் வறுமையை விரட்ட முடியாதே! 1990-களின் இறுதியில் இந்தத் திட்டம் முடிந்து, அதன் பணிகள் அங்கன்வாடித் திட்டத்தோடு இணைந்தன.

தட்டு எல்லோருக்கும், பாடம் சிலருக்கு

1956-ல் காமராஜர் ஆட்சியில் மதிய உணவு, 1982-ல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் சத்துணவு, 1989-ல் கருணாநிதி ஆட்சியில் அதில் முட்டை என்று பள்ளித் தட்டு வளர்ந்துகொண்டே வந்தது. 2022 செப்டம்பர் 15-ல் மு.க. ஸ்டாலின் காலை உணவுத் திட்டத்தைத் தொடங்கி வைத்ததும் மதுரையில்தான், ஆதிமூலம் மாநகராட்சித் தொடக்கப் பள்ளியில். அடுத்த ஆண்டே அது மாநிலம் முழுவதும் உள்ள அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கு விரிந்தது.

இங்கே ஒரு விசித்திரம் கவனித்தீர்களா? தட்டில் ஆண் பெண் பேதம் இல்லை. ஆனால் அந்தத் தட்டில் ஏன் பருப்பு, ஏன் முட்டை என்று விளக்கும் பாடம் மட்டும் பெரும்பாலும் பெண்களுக்கே என்று ஒதுக்கப்பட்டது. சம்பளக் கவரைக் கையில் வைத்திருப்பவர் ஆண், சந்தைக்குப் போகிறவரும் பல வீடுகளில் ஆண். பாடம் படித்தவளோ கடைசிப் பந்தியில் மிச்சத்தைச் சாப்பிடுகிறாள். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு ரத்தசோகை. சத்துணவுக்கே பெயர் பெற்ற மாநிலத்தில்!

கல்லூரிகளில் மனையியலின் பெயரும் மாறிவிட்டது. வேளாண் பல்கலைக்கழகங்களில் அது இப்போது 'சமுதாய அறிவியல்'. ஒத்தக்கடைக் கல்லூரியும் அந்தப் பெயரில்தான் அழைக்கப்படுகிறது. வீட்டுக்குள் அடங்கும் பாடம் அல்ல, ஊருக்கான பாடம் என்பது அந்தப் பெயரிலேயே இருக்கிறது.

பெயர் மாறியது நல்லதுதான். வகுப்பு பெஞ்சுகளில் பையன்களும் உட்காரும் நாளில்தான் அந்தப் பெயருக்கு அர்த்தம் வரும். கொட்டாம்பட்டிப் பெண்கள் ஒரு தராசையும் ஓர் அட்டையையும் வைத்துக்கொண்டு காட்டியது இதைத்தான்: உணவைப் பற்றிய அறிவு ஊரில் எல்லோர் கையிலும் இருந்தால், ஒரு குழந்தை மெலிவது யாருக்கும் தெரியாமல் போகாது.